‘இஞ்ச எல்லாம் இப்பிடித்தான்’: யாழ்ப்பாணத்துத் தனியார் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, கணக்காளர் கந்தோர், நிதி நிறுவனக் கிளை, கொம்பியூட்டர் நிறுவனம், வாகன விற்பனை நிலையம் என்று யாழ்ப்பாணத்தில் தனியாரிடம் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பல இடங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறவன். அதனால் முதலாளி சொல்லுகிறதும் காதில் விழும், வேலை செய்கிறவர் புறுபுறுக்கிறதும் காதில் விழும். இரண்டு பக்கமும் கேட்டதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: இங்கே ஆட்களைக் கடுப்பேற்றுகிற விதிகளில் பெரும்பாலானவை எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. யாரோ ஒரு பழைய மனேஜர் தொடக்கிவைத்தது, அவர் கனடா போய்ப் பல காலமான பிறகும் அப்படியே கிடக்கும். அரச உத்தியோகத்தர்களுக்கு வேறு ஒழுங்கு உண்டு, அது இந்தப் பக்கத்தில் இல்லை.

எனக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

கடையிலோ கந்தோரிலோ வேலை என்றால் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். தொழிற்சாலை, அச்சகம், கட்டட வேலை போன்றவற்றுக்கு அந்தந்தத் தொழிலின் சம்பளத்தைக் குறிக்கிற சம்பளச் சபைகள் இருக்கின்றன, அங்கே லீவும் நேரமும் கொஞ்சம் வித்தியாசப்படும். ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எவ்.) இரண்டு பக்கத்துக்கும் பொது. ‘நாங்கள் சின்ன இடம், எங்களுக்கு இந்தச் சட்டம் எல்லாம் இல்லை’ என்று சொல்லுவார்கள். இரண்டு பேர் வேலை செய்கிற கடையும் கடைதான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது, நியமனக் கடிதம் இன்னும் தரவில்லை. கேட்டால் ‘உன்னை நம்பித்தானே வைச்சிருக்கிறம்’ என்கிறார். என்ன செய்வது?

நம்பிக்கைக்கும் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. பதவி, சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று அந்த 1954 சட்டமே சொல்லுகிறது, அதுவும் வேலைக்குச் சேர்க்கிற நேரத்திலேயே. கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் எப்போதும் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் முதலாளிக்கு அதை எழுதத் தெரியாது, கேட்கவும் வெட்கம். ஒரு மாதிரிக் கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய் ‘ஐயா, வங்கியில கடன் எடுக்க இது கேக்கினம், ஒருக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ’ என்றால் பாதி இடங்களில் வேலை முடிந்துவிடும். சண்டை பிடிக்காமல் வாங்குகிற வழி அதுதான்.

மற்றப் பாதி இடங்களில் தரமாட்டார்கள். அங்கே சம்பளம் வங்கிக்கு வந்த பதிவு, கையெழுத்துப் புத்தகத்தின் படம், வேலை சொல்லி வந்த வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். கடிதம் இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று ஆகிவிடாது, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு வேறு சான்று போதும்.

ஐந்து மணிக்கு வேலை முடிகிறது, ஆனால் முதலாளி எழும்பும் வரை ஒருவரும் எழும்புவதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

எங்கள் ஊர் நியாயம்தான், வேறென்ன. நான் போய்ப் பார்த்த கந்தோர்களில் ஆட்களை அதிகம் சலிக்க வைக்கிறது இதுதான், சம்பளக் குறைவு கூட இல்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்த பெடியன் கொம்பியூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான், ஆறரைக்கு முதலாளி காரில் ஏறின பிறகு எல்லோரும் பையைத் தூக்குவார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் நிறுவனத்துக்கு ஒரு சதம் இலாபம் இல்லை, மின்சாரப் பட்டியல்தான் ஏறும். காரைநகருக்கோ ஊர்காவற்றுறைக்கோ போகிற பிள்ளைக்குப் பஸ்ஸும் போய்விடும், பிறகு தகப்பனோ தமையனோ மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் காவல் நிற்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? சாப்பாட்டு இடைவேளையைச் சேர்க்காமல் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் போனால் ஓவர்ரைம், சாதாரண மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. ஓவர்ரைமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. கிழமையில் ஒன்றரை நாள் விடுமுறை தரவேண்டும், அதனால்தான் திங்கள் முதல் வெள்ளி வரை முழுநாளும் சனி அரைநாளும் என்ற ஒழுங்கு இவ்வளவு பரவலாக இருக்கிறது. சனிக்கிழமையும் ஐந்து மணி வரை வைத்திருந்து ‘ஞாயிறு லீவுதானே’ என்கிற இடம் அந்த அரை நாளைச் சாப்பிடுகிறது.

‘நீங்கள் எக்ஸிகியூட்டிவ், உங்களுக்கு ஓவர்ரைம் இல்லை’ என்று ஒரு பதில் வரும். பெயர் பெரிசு, வேலை பழைய கிளார்க் வேலை. பதவிப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அடங்கிப் போகாமல், நீங்கள் உண்மையில் செய்கிற வேலை என்ன என்று தொழில் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் சொல்லிக் கேளுங்கள்.

முதல் ஆளாய் ஐந்து மணிக்கு எழும்புவது கஷ்டம், எனக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாக எழும்பி, ‘ஐயா வாறம்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் நழுவுகிறபோதுதான் பிரச்சினை.

கைரேகை மெஷினும் இருக்கிறது, கையெழுத்துப் புத்தகமும் இருக்கிறது. இரண்டிலும் போட வேண்டுமாம். ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டு. இது சரியா?

மெஷின் வாங்கினார்கள், புத்தகத்தை விட மனம் வரவில்லை. அது சிரிக்க வேண்டிய விஷயம். வெட்டு சிரிக்கிற விஷயம் இல்லை. வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்பது ஒன்று, ஐந்து நிமிடத்துக்காக நாலு மணித்தியாலத்தை எடுப்பது வேறொன்று. இரண்டாவது தண்டம். சம்பளத்தில் எதை வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை இருக்கிறது, முதலாளி நினைத்ததெல்லாம் அதற்குள் வராது. ‘இந்த வெட்டு எந்த விதிப்படி என்று எழுத்தில் தாருங்கள்’ என்று மின்னஞ்சலில் பணிவாய்க் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் காணாமல் போன வெட்டுகளைக் கண்டிருக்கிறேன்.

நல்லூர்த் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றின வீதிகள் மூடியிருக்கும், அந்தப் பக்கத்தால் வருகிறவர்கள் சுற்றித்தான் வரவேண்டும். இது திடீரென்று வருகிற மழை இல்லை, வருசா வருசம் நாள் குறித்து நடக்கிறது. கொடியேறுவதற்கு முதலே ‘திருவிழாக் காலத்தில் அரை மணித்தியாலம் பிந்தி வந்து பிந்திப் போகலாமா’ என்று கேட்டு ஒரு ஒழுங்கு செய்துகொள்ளலாம். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து மெஷினைப் பார்க்கிறவருக்கு நல்லூர் வீதி மூடியிருப்பது எப்படித் தெரியும்?

எத்தனை நாள் லீவு எனக்கு உண்டு? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுகிறார்கள்.

கடை, அலுவலகச் சட்டப்படி வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு (கஷுவல்) 7 நாள். வருத்தத்துக்கென்று தனி லீவு அந்தச் சட்டத்தில் இல்லை. அந்த 7 நாளுக்குள்தான் காய்ச்சலும் கலியாண வீடும் செத்தவீடும் எல்லாம். மருத்துவ லீவு தனியே தருகிற இடமென்றால் அது அந்த நிறுவனம் தன் விருப்பத்தில் தருவது, அப்படிப்பட்ட இடத்தை இலேசில் விடாதீர்கள்.

சேர்ந்த முதல் வருசத்தில் குழப்பம் வரும். அமைய லீவு இரண்டு மாதம் முடிந்தால் ஒரு நாள் என்ற கணக்கில் சேரும். வருடாந்த லீவு அடுத்த வருசம்தான் கிடைக்கும், அதுவும் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து: தை முதல் பங்குனி வரை சேர்ந்தவருக்கு 14, சித்திரை முதல் ஆனி வரை 10, ஆடி முதல் புரட்டாதி வரை 7, அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு 4 (மாதங்களை ஆங்கில மாதமாகவே எடுங்கள், தை என்றால் ஜனவரி). அதற்கடுத்த வருசத்திலிருந்து முழுதாய் 14.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வருடாந்த லீவில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்க விடவேண்டும். இங்கே ஒருவர் ஏழு நாள் சேர்த்து லீவு கேட்டால் ‘என்ன, வெளிநாடு போற பிளானோ?’ என்று கேட்பார்கள்.

லீவுப் படிவத்தில் நாலு பேரின் கையெழுத்து வேண்டுமாம், அதில் ஒருவர் கொழும்பில். மின்னஞ்சல் செல்லாதாம். உண்மையா?

செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை, நிறுவனம் சொல்லுகிறது. இலங்கையில் மின்னணு ஆவணத்தையும் மின்னணுக் கையொப்பத்தையும் ஏற்றுக்கொள்கிற சட்டம் 2006இல் வந்துவிட்டது (19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம்). அப்படியிருக்க, இரண்டு நாள் லீவுக் கடிதம் தபால் பையில் நானூறு கிலோமீற்றர் போய், கையெழுத்தாகி, நீங்கள் லீவு எடுத்து முடித்து வந்த பிறகு ‘அனுமதிக்கப்பட்டது’ என்று திரும்பி வருகிறது. கூத்துத்தான்.

தீபாவளிக்கு லீவு கேட்டேன், ‘அது மெர்க்கன்ரைல் லீவு இல்லை’ என்றார்கள். யாழ்ப்பாணத்தில் தீபாவளிக்கு லீவு இல்லையா?

கோபம் வரத்தான் செய்யும், ஆனால் அவர்கள் சொன்னது சரி. அரசாங்க நாட்காட்டியில் விடுமுறைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும்: பொது, வங்கி, வர்த்தகம் (மெர்க்கன்ரைல்) என்று. தீபாவளி, மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி மூன்றும் பொது, வங்கி விடுமுறைகள்தான். தனியார் கடை, கந்தோர் ஊழியருக்குச் சட்டப்படி வருகிற விடுமுறைகள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாளும் புத்தாண்டும், மே தினம், வெசாக் போயாவுக்கு (பௌர்ணமிக்கு) அடுத்த நாள், நபிகள் நாயகம் பிறந்த தினம், நத்தார். அந்த எட்டில் ஒன்றில் வேலைக்கு வரச்சொன்னால், அந்த வருசம் முடிவதற்குள் வேறொரு நாள் சம்பளத்துடன் லீவு தரவேண்டும், அல்லது இரட்டைச் சம்பளம்.

இங்கத்தைய ஆட்களின் கடைகள் தீபாவளிக்குப் பூட்டியிருக்கும், பிரச்சினையே இல்லை. கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள கிளைகளில்தான் இந்தக் கதை. கிளையில் இருபது பேர் இருந்தால் பதினெட்டுப் பேர் லீவு போடுவார்கள், வாடிக்கையாளர் ஒருவரும் வரமாட்டார், ஆனாலும் கதவு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் லீவைச் செலவழிக்கிறதைவிட, கிளை முழுக்கச் சேர்ந்து ‘தீபாவளிக்குப் பூட்டுகிறோம், அதற்குப் பதில் இன்ன சனிக்கிழமை முழுநாள் வேலை செய்கிறோம்’ என்று வருசத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஐப்பசி மாதம் கேட்டால் இல்லை என்பார்கள். ஜனவரியில் கேட்டால் கணக்குப் பார்ப்பார்கள்.

போயாவில் வேலை?

வரச்சொல்லலாம், ஆனால் அன்றைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம்.

பயிற்சிக் காலத்தில் ஈ.பி.எவ். இல்லை என்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்குவார்களாம்.

தவறு. முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். நிரந்தரம், தற்காலிகம், பயிற்சி, நாட்கூலி என்ற பேதம் இல்லை. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.ரி.எவ்.) முதலாளி மட்டும் 3 வீதம். அந்த 3 வீதத்தை உங்கள் சம்பளத்தில் கழித்திருந்தால் அது களவு, வேறு பெயர் தேடத் தேவையில்லை. ஒரு மாதத்துக் காசு அடுத்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரைக்கும் ஏறும், அது முதலாளியின் தலையில்.

இதைவிட நுணுக்கமான விளையாட்டு ஒன்று இருக்கிறது, சம்பளப் பட்டியல் போடுகிறவன் என்றபடியால் எனக்கு நன்றாகத் தெரியும். கையில் 50,000 என்று பேசுவார்கள். பட்டியலில் அடிப்படை 30,000, மிச்சம் 20,000 ‘வாழ்க்கைச் செலவுப் படி’, ‘சாப்பாட்டுப் படி’ என்று பிரிந்திருக்கும், ஈ.பி.எவ். 30,000க்கு மட்டும் போகும். வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுப் படியும் ஈ.பி.எவ். கணக்குக்குள் வருகிற உழைப்புத்தான், ஓவர்ரைம் வராது. 30,000க்கு முதலாளி கட்டுவது 3,600, நம்பிக்கை நிதிக்கு 900. 50,000க்குக் கட்ட வேண்டியது 6,000, நம்பிக்கை நிதிக்கு 1,500. மாதம் 3,000 ரூபாய் உங்கள் பெயருக்குப் போகவேண்டியது போகவில்லை. வருசத்துக்கு 36,000. பத்து வருசம் அதே கதிரையில் இருந்தால் வட்டி இல்லாமலே 360,000. சில ஊழியர்களுக்கும் இது விருப்பம், ‘8 வீதம் குறைவாய் வெட்டுறாங்கள், கையில கூட வருது’ என்று சந்தோசப்படுவார்கள். 55 வயதில் (பெண்கள் என்றால் 50இல்) காசை எடுக்கப் போகிறபோதுதான் அந்தச் சந்தோசம் என்ன விலை என்று தெரியும்.

அங்கத்துவ இலக்கம் கேட்டு வாங்குங்கள், மீதியைப் பாருங்கள். பட்டியலில் வெட்டிவிட்டு நிதிக்குக் கட்டாத இடங்களும் உண்டு. ஓய்வுபெறுகிற வயதில் போய்த் தேடாதீர்கள்.

ஆகக் குறைந்த சம்பளம் என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாயாகத் தொடங்கியது, 2024இல் 17,500 ஆனது, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. கடைகளில் நிற்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இதைவிடக் குறைவாக வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று. ‘வேலை பழகுறாய்தானே’ என்பது பதில். பழகுகிற பிள்ளைதான் காலமை கடை திறந்து, கூட்டி, இரவு பூட்டுகிறது.

வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிலரிடம் அடையாள அட்டை கூட. கொடுக்க வேண்டுமா?

கொடுக்காதீர்கள். அசலைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள். முதலாளி உங்கள் அசலை வைத்திருக்கலாம் என்று எந்தத் தொழில் சட்டத்திலும் ஒரு வரி இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ‘வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிய வேண்டும்’, ‘வங்கி கேட்கிறது’ என்று வாங்கி, பிறகு பிரதியை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள், அதற்கும் தராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு போடலாம். முறைப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே பெட்டகம் திறந்துவிடும்.

இதைவிட மோசமானது திகதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் முதல் நாளே கையெழுத்து வாங்குவது. அப்படிக் கேட்கிற இடத்துக்கு வேலைக்கே போகாதீர்கள்.

சித்திரை வெயிலில் ரை கட்ட வேண்டுமா?

விதி இருந்தால் கட்டத்தான் வேண்டும், சட்டம் இதில் தலையிடாது. ஆனால் மின்விசிறி மட்டும் சுழலுகிற கிளையில், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாய்ப் போய்த் தவணை அறவிடுகிற பெடியனுக்கு எதற்கு ரை? கொழும்பில் ஏசி அறையில் இருந்து எழுதின விதி. பெண் பிள்ளைகளுக்குச் சேலை கட்டாயம் என்கிற இடங்களில் இன்னும் மோசம், ஸ்கூட்டியில் சேலையோடு போவது ஆபத்து. பாதுகாப்பைக் காரணம் காட்டி எழுதுங்கள். ‘எங்களுக்கு விருப்பமில்லை’ என்று எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும்.

இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப் குழுவில் வேலை சொல்லுகிறார் மனேஜர். பார்த்த நீல அடையாளம் வந்தால் பதில் போடவும் வேண்டுமாம்.

வேலை நேரத்துக்குப் பிறகு தொலைபேசியை எடுக்காமல் இருக்கிற உரிமை என்று தனியாக ஒரு சட்டம் இங்கே இல்லை. ஆனால் அந்தச் செய்திக்காக நீங்கள் இருந்து வேலை செய்தால் அது வேலை நேரம். நான் பலருக்குச் சொல்லுவது, இரவு வருகிற செய்திக்குக் காலமை எட்டரைக்குப் பதில் போடுங்கள், தொடர்ந்து அப்படியே செய்யுங்கள், ஒரு விளக்கமும் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் முகம் சுழிப்பார், பிறகு பழகிவிடுவார். உண்மையில் அவசரமென்றால் அழைப்பு எடுப்பார்தானே.

‘குட் மோர்னிங்’ பூப்படங்களுக்கும் பதில் போடவேண்டுமா என்றும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இல்லை.

மாதம் ஒருக்கா கொழும்பில் பயிற்சி. வெள்ளி இரவு பஸ், சனி ஞாயிறு வகுப்பு, ஞாயிறு இரவு பஸ், திங்கள் காலமை எட்டுக்குக் கைரேகை. இதுக்கு லீவும் இல்லை, காசும் இல்லை.

இதுதான் வடக்குக் கிளைகளுக்கே உரிய நோ. கொழும்பில் இருக்கிறவருக்கு அந்தப் பயிற்சி ஒரு சனி ஞாயிறு, உங்களுக்கு இரண்டு இரவு பஸ்ஸும் சேர்த்து. கிழமையில் ஒன்றரை நாள் விடுமுறை என்ற கணக்கைப் பயிற்சி சாப்பிட்டால் அதைத் திருப்பிக் கேட்கலாம், நிறுவனம் கட்டாயப்படுத்தி அனுப்புகிற பயிற்சியும் வேலைதான். பஸ் காசு, தங்கும் செலவு எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டோடு விண்ணப்பம் போடுங்கள்.

இன்னொரு யோசனையும் கேளுங்கள்: சூமில் செய்ய முடியாதா? 2020இல் எல்லாம் சூமில்தானே நடந்தது. 2022இல் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பங்கீட்டுக் கியூஆரில் வாங்கின காலத்திலும் வீட்டிலிருந்து வேலை நடந்தது. பெற்றோல் வரிசை முடிந்த கையோடு அந்த வசதியை எடுத்துப் போட்டுவிட்டார்கள், ஏன் என்று கேட்டால் ‘ஆளைக் கண்ணால பார்க்க வேணும்’.

சுற்றறிக்கைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் வருகின்றன. விளங்காமல் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்கள்.

விளங்காததில் கையெழுத்துப் போடாதீர்கள். போடத்தான் வேண்டுமென்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டேன், தமிழ்ப் பிரதி கேட்டுள்ளேன்’ என்று எழுதித் திகதி போடுங்கள், ஒரு படமும் எடுத்துவையுங்கள். அரச திணைக்களத்தோடு வடக்கில் தமிழில் கருமம் ஆற்றுவது அரசியலமைப்பு தந்த உரிமை, தனியார் கம்பனியில் அது அப்படியே பொருந்தாது. ஆனால் ‘எனக்கு விளங்கிய மொழியில் அந்த விதி தரப்படவில்லை’ என்பது பின்னால் விசாரணை என்று வந்தால் சொல்லக்கூடிய நல்ல பதில்.

‘கலியாணம் செய்தால் வேலையை விடுவீரோ’ என்று நேர்முகத்தில் கேட்டார்கள்.

இன்னும் கேட்கிறார்கள், வெட்கமில்லாமல். அவர்கள் பயப்படுவது பிரசவ லீவுக்கு. முழுச் சம்பளத்தோடு 84 நாள், வாராந்த விடுமுறையும் போயாவும் சட்ட விடுமுறையும் அந்த 84க்குள் எண்ணப்படாது. முன்னர் மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் கிடைத்தது, 2018இல் திருத்தினார்கள், இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84தான். கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையால் நிறுத்த முடியாது. ‘உடம்பு ஏலாதுதானே பிள்ளை, நீங்களே எழுதித் தந்திட்டு நில்லுங்கோ’ என்று அன்பாய்ச் சொல்லுவார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பழைய முறைகளை மாற்றலாமென்று சொன்னால் ‘நேற்று வந்தவர் எங்களுக்குப் படிப்பிக்கிறார்’ என்கிறார்கள். ஒரே கணக்கை மூன்று புத்தகத்தில் எழுதுகிறோம்.

மூன்று புத்தகத்துக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்திருக்கும். மின்சாரம் இல்லாத வருசங்களில், இடம்பெயர்ந்து ஓடவேண்டிய காலத்தில், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பேரேடுதான் இந்த ஊர் வியாபாரத்தைக் காப்பாற்றியது. அதை வைத்திருந்த ஆட்கள் இப்போதும் காசாளர் மேசையில் இருக்கிறார்கள், கொம்பியூட்டர் எரிந்தால் என்ன செய்வாய் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் ‘இது பழசு’ என்று தொடங்கினால் தோற்றுவிடுவீர்கள். ஒரு மாதத்துக்கு எக்ஸெலில் நீங்களே போட்டு, மாத முடிவில் புத்தகத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டி, கூட்டல் பிழை எங்கே என்று தேடி ஒரு இரவு முழுக்க நிற்கவேண்டி வராததையும் காட்டுங்கள். பெரியவரிடம் ‘ஐயா, நீங்கள் ஒருக்காச் சரிபார்த்துச் சொல்லுங்கோ’ என்று கொடுங்கள். அவர் சரி என்று சொன்னால் முதலாளியும் சரி என்பார், அவர் சொல்லாவிட்டால் எச்.ஆர். வந்து சொன்னாலும் நடக்காது.

முதலாளியின் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாம் கணினிக்குப் போனால் எல்லாம் வெளியில் தெரியும், எல்லாமும் தெரிய வேண்டாம் என்று சிலருக்கு விருப்பம். அந்த இடத்தில் உங்கள் எக்ஸெல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

சம்பளத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாதாம்.

ஏன் தெரியுமா? ஒரே வேலைக்கு உங்களுக்கும் பக்கத்துக் கதிரைக்கும் வேறு வேறு சம்பளம்.

வேலையை விடப்போகிறேன். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கடிதத்தில் உள்ள அறிவித்தல் காலத்தைக் கொடுங்கள், கடைசிச் சம்பளம், சேவைச் சான்றிதழ் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஐந்து வருசம் முடித்திருந்து, நிறுவனத்தில் பதினைந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பணிக்கொடை உண்டு (1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்). மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். கடைசியாக 60,000 வாங்கி எட்டு வருசம் இருந்தவருக்கு 240,000. முப்பது நாளுக்குள் தரவேண்டும், பிந்தினால் மேலதிகம் சேரும். நீங்களாக விட்டுப் போனாலும் இது உண்டு, ‘நீர்தானே விட்டுப் போறீர்’ என்பது பதில் ஆகாது. நாலு வருசம் பத்து மாதத்தில் விடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு வயிறு எரியும். இரண்டு மாதம் பல்லைக் கடியுங்கள்.

முறைப்பாடு செய்தால் யாழ்ப்பாணத்தில் வேறு வேலை கிடைக்குமா? எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்.

நேர்மையாகச் சொன்னால், பயம் வீண் இல்லை. முதலாளியின் மைத்துனர் அடுத்த கடை வைத்திருப்பார், உங்கள் பெரியம்மா அவர்கள் கோயில் திருவிழா உபயகாரர். அதனால் முதலில் எழுத்தில் கேட்பது, பிறகு சேர்ந்து கேட்பது, கடைசியாகத்தான் தொழில் திணைக்களம். ஏழு பேர் இருந்தால் ஒரு தொழிற்சங்கம் பதியலாம் என்றும் சட்டம் சொல்லுகிறது, இங்கே தனியார் இடங்களில் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. ஈ.பி.எவ்., ஓவர்ரைம், லீவு, பணிக்கொடை எல்லாம் அங்கே. தொழில் உத்தியோகத்தர் நிறுவனத்துக்குப் போய்ச் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்கலாம், ஒருவருக்குப் பிழையாகப் போட்ட கணக்கு அநேகமாக எல்லோருக்கும் பிழையாகத்தான் இருக்கும், அதனால் விசாரணை ஒருவரோடு நிற்காது. வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கியிருந்தால் இடம் வேறு, அது தொழில் நியாய மன்று, நீக்கின நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ‘முதலாளி திருப்பிக் கூப்பிடுவார்’ என்று ஏழு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

போகும்போது அடையாள அட்டை, நியமனக் கடிதம் இருந்தால் அதன் பிரதி, கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு அல்லது வங்கிப் பதிவு, ஈ.பி.எவ். அங்கத்துவ இலக்கம், நிறுவனத்தின் சரியான பெயரும் முகவரியும், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற எண்ணிக்கை, என்ன நடந்தது என்று திகதி வாரியாக ஒரு பக்கம், இவ்வளவும் கொண்டுபோங்கள். அந்த ஒரு பக்கத்தில் முதலாளியின் குணத்தைப் பற்றி எழுதாதீர்கள், திகதியும் தொகையும் போதும்.